யாரும் கேட்காத அறை

போன வாரம் கடற்கரைச் சாலையில் நாம் நடந்துகொண்டிருந்தபோது, உங்களில் ஒருத்தி தன் மகன் கட்டுகிற வீட்டைப் பற்றிப் புலம்பினாள். கேட்காததையெல்லாம் காண்ட்ராக்டர் கட்டி வைத்திருக்கிறான், அதற்குப் பணம் தரப்போவதில்லை, வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போகட்டும் என்றாள். நீங்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னீர்கள். நான் செருப்பில் ஏறிய மணலைத் தட்டுகிறவள்போலப் பின்தங்கிவிட்டேன். பிறகு நீங்கள் கேட்டபோது முட்டிவலி என்றேன். முட்டிவலி பொய்யில்லை. ஆனால் அன்றைக்கு நான் பின்தங்கியது அதனால் அல்ல. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. எழுதித் தருகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா கொத்தனாராக இருந்து மேஸ்திரி ஆனவர். நெரவிப் பக்கம் வயல்களுக்கு நடுவில் இருந்த எங்கள் ஊரில், ஐந்தாறு ஆட்களை வைத்துச் சொந்தமாக வேலை எடுத்துச் செய்த முதல் ஆள் அவர்தான். அவர் எழுப்பிய சுவருக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்க வேண்டியதில்லை என்பார்கள். நாங்கள் இருந்ததோ கீற்று வேய்ந்த மண்சுவர் வீடு. ஐப்பசி மழையில் அடுப்படிச் சுவர் ஊறி உப்பி ஒரு பக்கமாக உதிரும். ஒவ்வொரு தை மாதமும் அம்மா மண்ணும் சாணியும் குழைத்து அதை அப்புவாள். "அடியில நாலு வரிசை செங்கல் வச்சுக் குடுங்க, போதும். மேல நான் மண்ணு வச்சுக்கறேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா "பாக்கலாம்" என்பார். அவர் யாரிடமும் இல்லை என்று சொன்னதில்லை. பாக்கலாம் என்பதுதான் அவருடைய இல்லை.

நான் ஐந்தாவது படித்தபோது எங்கள் டீச்சர் வீடு கட்ட ஆரம்பித்தார். அவரும் அவர் கணவரும் காரைக்காலில் வாடகைக்கு இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. சார் ஒரு சர்க்கார் ஆபீசில் கிளார்க். எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடு தூரத்தில், பஸ் போகிற ரோட்டை ஒட்டி மனை வாங்கி அப்பாவிடம் வேலையைக் கொடுத்தார்கள். கொடுத்த மறுமாதமே சாருக்கு ஏனாமுக்கு மாற்றல் வந்துவிட்டது. ஆந்திராவுக்குள் இருக்கிற ஊர், ஆனால் காரைக்காலைப்போலப் புதுச்சேரி சர்க்காரைச் சேர்ந்தது. ரயிலும் பஸ்ஸும் மாறி வந்து சேர இரண்டு நாள் ஆகும். அதனால் வேலையைப் பார்த்துக்கொண்டது டீச்சர்தான்.

அந்த டீச்சர்மேல் எனக்கு இருந்த ஆசையை எப்படிச் சொல்வது. அவர் கரும்பலகையைத் துடைத்துவிட்டுக் கைகளைத் தட்டும்போது பறக்கிற சாக்பீஸ் தூளை மூச்சில் இழுத்துக்கொள்வேன். வேறொரு பிள்ளையின் நோட்டில் 'நன்று' என்று எழுதினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. ஒருநாள் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனபோது, "பேசாம எங்க வீட்டுக்கே வந்துடறியா?" என்று சிரித்தார். பெரியவர்கள் சும்மா சொல்கிற பேச்சு. நான் அதை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் கலவை போட்டால் வருடம் திரும்புவதற்குள் சுவர் வெள்ளையாகப் பூத்துவிடும். டீச்சர் வீட்டுக்காக அப்பா மாட்டுவண்டியில் பீப்பாயை ஏற்றி வாய்க்கால் தண்ணீர் கொண்டுவந்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "குடிக்க ஒரு கொடம் நல்ல தண்ணி கொண்டாரச் சொன்னா மூணு நாளு ஆவுது" என்று, கையிலிருந்த முறத்தைப் பார்த்துச் சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துக்கொண்டு போனேன். முன்னால் கூடமும் படுக்கை அறையும் சமையலறையும் தளம் போட்டு முடிந்திருந்தன. பின்னால் புதிதாக இன்னொரு அறைக்குச் சுவர் இடுப்புயரம் எழும்பி நின்றது. அதன் வாசலில் படி இல்லை. கூடத்திலிருந்து வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி சரிவாகத் தரை போட்டிருந்தார்கள்.

"பாப்பா, இங்க வந்து குந்து" என்றார் அப்பா.

ரோடு வளைந்து போகிற பக்கத்துச் சுவரில் ஜன்னலுக்கு விட்டிருந்த இடத்துக்கு எதிரே மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"வெளிய என்ன தெரியுது?"

"பஸ்ஸோட மேல்பாதி."

ஆளைக் கூப்பிட்டு இரண்டு வரிசைச் செங்கல்லை எடுக்கச் சொன்னார்.

"இப்ப?"

"சக்கரம் தெரியுது. வாய்க்கா தெரியுது. வாத்து போவுதுப்பா."

"அது போதும்" என்று கரித்துண்டால் கோடு போட்டார். யாருக்காக என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. என் உயரத்துக்கு அளந்து ஜன்னல் வைக்கிறார்கள், டீச்சர் என்னை வந்துவிடச் சொன்னார், இதற்குமேல் என்ன கேட்பது. பையை எந்த ஆணியில் மாட்டுவது என்றுகூட முடிவு செய்தாகிவிட்டது. வகுப்பில் நாலு பேரிடம் சொல்லியும் விட்டேன்.

அந்த அறையைப் பற்றி அப்பா சாப்பிடும்போது பேசுவார். "வாசப்படி வேணாமுன்னு டீச்சரம்மாதான் சொன்னாங்க. ரசமட்டத்த அவங்களே வச்சுப் பாக்கறாங்க. ஒரு நூலு சரிஞ்சாலும் கண்டுபுடிச்சிடறாங்க."

"ம்" என்றாள் அம்மா.

"என்னமா யோசன பண்றாங்க."

"எனக்கும் யோசன இருக்கு. நாலு வரிசை செங்கல்லு" என்று சொல்லி, அவர் கேட்காமலே ரசத்தை ஊற்றினாள். இலை தாண்டி ஓடியது. அப்பா இலையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

வீடு குடிபோகிற அன்று அம்மா தலைவலி என்று படுத்துக்கொண்டாள். நானும் அப்பாவும் போனோம். சார் ஏனாமிலிருந்து வந்திருந்தார். டீச்சர் ஒரு தட்டில் எட்டுமுழ வேட்டியும் துண்டும் வைத்து அப்பாவிடம் கொடுத்தார். பால் காய்ச்சி முடிந்த நேரத்தில் வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. டீச்சரின் அண்ணன் அதிலிருந்து ஒரு பெண்ணை இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு இறங்கினார். இருபது வயது இருக்கும். சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து கால்கள் இரண்டும் சூம்பிப் போயிருந்தன. டீச்சரின் தங்கை. அவளை நேராகப் பின்னறைக்குக் கொண்டுபோய் ஜன்னலுக்கு எதிரே உட்கார வைத்தார்கள்.

அவளுக்குத் தலைமுடி தரையில் புரண்டது. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து அதை மடியில் எடுத்துப்போட்டுச் சிக்கெடுத்தார். வந்தவர்கள் எல்லோரும் அறைக்குள் எட்டிப்பார்த்து, எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்றார்கள். எனக்குக் கொடுத்த பாயசத்தை நான் கொல்லையில் கொண்டுபோய் ஊற்றினேன்.

அன்று சாயங்காலம் விருந்தாளிகள் போனபிறகு சார் அப்பாவிடம் கேட்டார்: "இந்த ரூம யாரு கட்டச் சொன்னது?"

அப்பா டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்தார்.

"அப்பறமாப் பேசிக்கலாம் சார்" என்றார் அப்பா.

தங்கையை வீட்டோடு வைத்துக்கொள்ள டீச்சர் கல்யாணமான நாளிலிருந்து கேட்டதும், சார் ஒப்புக்கொள்ளாததும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. வீடு எழுந்து நின்றுவிட்டால், அறையும் இருந்துவிட்டால், அவர் மனம் இளகும் என்று டீச்சர் நம்பியிருக்கிறார். சார் அந்த மாதமே மாற்றல் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். ஊர் பேசும் என்று தங்கையை உடனே அனுப்பவில்லை. மற்ற வேலைக்கெல்லாம் பைசா பாக்கி இல்லாமல் கொடுத்துவிட்டார். பின்னறைக்கு மட்டும் தரமாட்டேன் என்றார். நான் கேட்காத அறை, மேஸ்திரி கூடுதலாகப் பணம் பார்க்கத் தானாகக் கட்டிவிட்டான் என்று கடைத்தெருவில் நின்று சொன்னார்.

சூளைக்காரர் செங்கல் பாக்கி கேட்டு எங்கள் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. காதுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க அம்மா வேப்பங்குச்சி செருகிக்கொண்டாள். அப்பா டீச்சர் வீட்டுப் பக்கமே போகவில்லை.

"ஏன் போயிக் கேக்க மாட்டேங்கறீங்க?"

"பாக்கலாம்."

"அவங்க மூஞ்சியப் பாத்துக் கேக்க முடியலயா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். கேஸ் போடலாம் என்றது அம்மாதான். தன் ஒன்றுவிட்ட அண்ணனைக் கூட்டிக்கொண்டு காரைக்காலுக்குப் போய் வக்கீலைப் பார்த்ததும் அவள்தான். அப்பா கையெழுத்து மட்டும் போட்டார். "பணம் வராட்டிப் போவுது. நான்தான் கட்டச் சொன்னேன்னு அந்தம்மா கோர்ட்டுல வாயத் தொறந்து சொல்லட்டும். நான் கேக்கணும்" என்றாள் அம்மா.

ஆறாவதுக்கும் அவரே டீச்சராக வந்தார்; கேஸ் நடந்த வருடம் முழுக்க நான் தினம் அவர் வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் எனக்கு ஒரு மார்க் குறைக்கவில்லை, ஒரு மார்க் கூட்டவும் இல்லை. என்னை வெறுத்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. எல்லோரையும்போல நடத்தியதுதான் பொறுக்கவில்லை. சாயங்காலம் மணி அடித்ததும் அவர் வேகமாக வீட்டுக்கு நடப்பார். தங்கைக்குத் தலைவாரப் போகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்பாவைக் கூண்டில் ஏற்றுகிற நாளுக்கு முந்தின நாள், பள்ளி விட்டதும் டீச்சர் என்னை நிறுத்தினார். வகுப்பு காலியாகும்வரை நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு கோர்ட்டுல உங்கப்பாவைக் கேப்பாங்க. நான்தான் கட்டச் சொன்னேன்னு உள்ளதச் சொல்லட்டும். அப்பறம் என்னையும் கூப்பிடுவாங்க. நானும் அதையேதான் சொல்லப்போறேன். எனக்காக எதையும் மறைக்க வேணாமுன்னு சொல்லு. என்னால உங்க வீட்டுக்கு வர முடியாது. மறக்காம சொல்லுவியா?"

சொல்வேன் என்று தலையாட்டினேன். என் சட்டைக் காலரை மடித்துச் சரிசெய்துவிட்டார். அவ்வளவு பெரிய காரியத்துக்கு ஊரில் வேறு யாரையும் நம்பாமல் என்னை நம்புகிறார் என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவரை முந்திக்கொண்டு ஓடினேன். டீச்சர் வீட்டைத் தாண்டும்போது பின்னறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"மேஸ்திரி பொண்ணுதானே? இங்க வா."

வேலியோரமாக ஜன்னலுக்குப் போனேன். அவள் மடியில் பச்சையும் மஞ்சளுமாக வயர் கூடை பாதி பின்னியிருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே என் முகத்துக்கு நேராகப் பார்த்துச் சிரித்தாள். கெட்ட மனசு கொஞ்சமும் இல்லாத சிரிப்பு. அதுதான் எனக்கு ஆகவில்லை.

"உன்னையத்தான் உக்கார வச்சு அளந்தாராமே உங்கப்பா. அக்கா சொன்னா. எனக்குன்னே அளந்த மாதிரி இருக்கு பாரு. தினம் எத்தன பஸ் போவுதுன்னு எண்ணிக்கிட்டே இருக்கேன்."

நான் வேலி முள்ளை ஒடித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்காகத்தான் கட்டினதுன்னு அக்கா கோர்ட்டுல சொல்லிடுவாளாம், நாளையோட இந்த ரூம் என்னோடதாயிடுமாம். யாரும் போன்னு சொல்ல முடியாதாம். அக்கா சொல்லிட்டா" என்று கூடையின் பிடியை இழுத்து முடிச்சுப் போட்டாள். "உனக்கும் ஒரு கூடை போட்டுத் தரேன். என்ன கலர் வேணும்?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். இப்போது ஓடவில்லை. அப்பா என்னை உட்கார வைத்தது எனக்காக அல்ல. நான் ஒரு அளவுகோல். அதுகூட இத்தனை நாளில் எனக்கு மங்கலாகப் புரிந்துதான் இருந்தது. அவள் வாயால் கேட்டதும்தான் சுட்டது. நான் கொண்டுபோகிற சேதியால் அப்பாவுக்குப் பணம் வரும், அம்மாவுக்குத் தோடு வரும் என்பதெல்லாம் என் தலையில் ஏறவேயில்லை. நான் சொன்னால் அந்த அறை அவளுக்கு நிலைத்துவிடும். அது ஒன்றுதான் ஏறியது.

சாயங்காலம் அப்பா கிணற்றடியில் காலில் காய்ந்திருந்த சிமெண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் மொண்டு ஊற்றினேன்.

"அப்பா."

"என்ன பாப்பா?"

"ஒண்ணுமில்ல."

நிமிர்ந்து ஒரு முறை பார்த்துவிட்டு மறுகாலைத் தேய்க்கத் தொடங்கினார்.

மறுநாள் அம்மா பிடிவாதமாக என்னையும் இழுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தாள். அப்பா டீச்சர் கொடுத்த எட்டுமுழத்தைக் கட்டியிருந்தார். அவரிடம் வேறு நல்ல வேட்டி கிடையாது என்பது அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் பஸ்ஸில் வழிநெடுக அந்த வேட்டியின் கரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். கோர்ட்டு வராந்தாவில் டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சார் தூணோரமாக நின்றார். டவாலி அப்பாவின் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டான். அம்மாவும் நானும் கதவோரமாக நின்று பார்த்தோம்.

எங்கள் வக்கீல் எதையெதையோ கேட்டுவிட்டு, "பின்னறையைக் கட்டச் சொன்னது யாரு?" என்றார்.

அப்பா திரும்பி வராந்தாவைப் பார்த்தார். அங்கே சாரும் டீச்சரும் இருந்தார்கள்.

"யாரும் சொல்லலைங்க. நானாத்தான் கட்டினேன்."

வக்கீல் கேள்வியை மாற்றிக் கேட்டார். அப்பா அதையே சொன்னார். நீதிபதி கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். என் கையைப் பிடித்திருந்த அம்மாவின் கை விட்டுப்போனது. வெளியே டீச்சர் எழுந்துவிட்டார். சாரின் வக்கீல் வந்து, "நீங்க உள்ள வர வேண்டியதில்லம்மா, அவரே சொல்லிட்டாரு" என்றார். டீச்சர் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

ஊருக்குத் திரும்பி, பஸ் விட்டு இறங்கி வரப்பில் நடக்கும்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அந்தம்மா அந்த வூட்டுலதானே இருந்தாவணும்."

"நாங்க இந்த வூட்டுல இருக்க வேணாமா?"

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அப்பா நினைத்தது எதுவும் நடக்கவில்லை. கேஸ் தள்ளுபடியான மறுவாரம், "யாருமே கேக்காத ரூம்தானே. அதுல யாரு இருக்கணும்னு நான் பாத்துக்கறேன்" என்று சார் சொல்லிவிட்டார். மறுபடியும் ஒரு டாக்சி வந்தது. தங்கையை அண்ணன் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். திருவாரூருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஊர். பின்னறையில் நெல் மூட்டை அடுக்கினார்கள். முழுப் பரீட்சை முடிந்ததும் டீச்சர் டவுன் பள்ளிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அப்பா ஆட்களைக் கலைத்துவிட்டு, தன்னிடம் வேலை பழகிய ஒருவரிடமே கூலிக்குப் போனார். தோடு திரும்பி வரவில்லை.

அம்மா அதற்குப் பிறகு சண்டை போடவில்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டாள். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று மட்டும் அவரைக் கேட்டதில்லை. தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அந்த டீச்சர் தனியாகக் கேட்டுக்கொண்டார், இவர் ஒத்துக்கொண்டார் என்று அவள் மனசில் விழுந்துவிட்டது. நாற்பது வருடத்துக்கு மேல் அந்த நினைப்போடு அவருக்குச் சோறு போட்டாள். ஒரு வாக்கியத்தில் நான் அதை அவள் மனசிலிருந்து எடுத்திருக்கலாம். படித்தேன், வேலைக்குப் போனேன், உங்களையெல்லாம் சிநேகிதம் பிடித்தேன், பிள்ளை பெற்றேன். ஒவ்வொரு வருடமும் அந்த வாக்கியம் கனத்துக்கொண்டே போனது.

நாலு வருடத்துக்கு முன்னால் அப்பா போனார். நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். காரியம் முடிந்த மறுவாரம் டீச்சர் ஒரு ஆட்டோவில் தனியாக வந்தார். எண்பது வயதுக்கு மேல், கையில் தடி. சார் முன்பே போய்விட்டார். அம்மா என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க, உக்காருங்க" என்றாள்.

டீச்சர்தான் பேசினார். "உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு ரொம்ப வருஷமா இருக்கு. நான் வந்து உண்மையைச் சொல்றேன்னு முதநாளே சொல்லி அனுப்பினேன். அதுக்கப்பறமும் அவரு அப்படிச் சொன்னாரு. ஏதோ நல்லதுக்குத்தான் முடிவு பண்ணியிருக்காரு, நாம குறுக்க போவக்கூடாதுன்னு இருந்துட்டேன். அது என் தப்பு."

"சொல்லி அனுப்புனீங்களா? யாருகிட்ட?"

டீச்சர் என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள்.

"நான் அப்பாகிட்ட சொல்லல டீச்சர்" என்றேன்.

"மறந்துட்டியாம்மா?"

"மறக்கல. உங்க தங்கச்சி மேல பொறாமை."

கோபிப்பார் என்று நினைத்தேன். "அவ மேலயா" என்றார் டீச்சர். "அவ மேல பொறாமைப்பட ஒரு ஆளு இருந்துச்சுன்னு தெரிஞ்சிருந்தா சந்தோஷப்பட்டிருப்பா. ஏழு வருஷமாச்சு போயி. அந்த ரூம்ல இருந்த ஒரு வருஷத்தப் பத்தித்தான் கடைசி வரைக்கும் பேசிக்கிட்டு இருந்தா." பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தலைப்பில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு உள்ளே வந்தேன். அம்மா அதே இடத்தில் இருந்தாள்.

"அப்ப அவருக்குத் தெரியாது."

"தெரியாதும்மா."

"அந்தம்மாவும் கேட்டுக்கல."

"இல்ல."

இனி அம்மாவின் மனசு ஆறிவிடும் என்று நான் காத்திருந்தேன். "அந்தம்மா கேட்டுச் செஞ்சிருந்தாலாவது சரிங்கலாம். இது யாரும் கேக்காமலே தானா செஞ்சிருக்காரு" என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. நாலாம் நாள் காலையில், "அந்த டீச்சரம்மாவுக்கு போன் போட்டுக் குடு" என்றாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவரும் பேசுகிறார்கள். முதலில் ஐந்து நிமிடம் பேசினார்கள், இப்போது ஒரு மணி நேரம் ஆகிறது. அம்மா போனை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அப்பாவைப் பற்றித்தான் பேச்சு என்பது, அம்மா 'பாக்கலாம்' என்று அவர் குரலில் சொல்லிச் சிரிப்பதிலிருந்து தெரிகிறது. அவர் உயிரோடு இருந்தபோது அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. டீச்சர் இதுவரை என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னதில்லை. அம்மாவும் கொடுத்ததில்லை. நான் கூடத்தில் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.